அட்டவணையில் இல்லாத அறுபத்தோரு பெருவிரல்கள்

2024 மார்ச் 3, ஞாயிறு

கட்டைவிரல் இயந்திரத்தை நான் கண்டுபிடிக்கவில்லை. இன்று கோயிலில் மூன்று பேர் அப்படிச் சொன்னார்கள். மூன்றாமவர், "டீச்சர் செஞ்ச மிஷின்தான்லா தோட்டத்துல எல்லாரையும் அழ வைக்குது" என்றார், என் காதில் விழட்டும் என்றே. எழுதி வைக்கிறேன்: நான் டீச்சர் அல்ல, ஓய்வு பெற்ற பேராசிரியர். இயந்திரம் எதுவும் செய்ததில்லை. விரல் ரேகை எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகப் பிரிகிறது என்று கணினி பார்த்துத் தெரிந்துகொள்ள ஒரு வழி எழுதினேன். பிறகு முகம், பிறகு கருவிழி. முப்பத்தோரு வருடம்.

தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், கங்காணியான மண்டோர் பெயர் கூப்பிடுவது ஜனவரியோடு நின்றுவிட்டது. இப்போது விரல் வைக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

மார்ச் 5

கோயிலில் பூக் கட்டும் புனிதவதி, புக்கிட் ரோத்தானில் இருக்கும் என் வீட்டிற்கே மோட்டார் சைக்கிள் ஓட்டிக்கொண்டு வந்துவிட்டாள். எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனைத் தோட்டத்தில் உரம் போடுகிறவள். கையில் கடிதம். பதினொரு நாள் வேலைக்கு வரவில்லையாம்.

"வராமலா டீச்சர் முதுகு இப்படி வலிக்குது? வெரல வச்சா செவப்பு லைட்டு. கழுவித் தொடச்சு வச்சாலும் செவப்பு. மண்டோர் என்னயப் பாத்துக்கிட்டேதான் நிக்கிறாரு. ஆனா மிஷின் சொல்றதுதான் பேச்சாம்."

22ஆம் தேதி விசாரணை. வேலை போனால் தோட்டத்து வீடும் போகும்.

கடிதத்தோடு இன்னொரு தாள். இயந்திரம் விற்ற நிறுவனம் தோட்ட ஆபீசுக்கு எழுதியது: இந்நாட்டுத் தொழிலாளர்களில் ரேகை படியாதவர்கள் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு, எனவே தவறு தொழிலாளியுடையது. ஆதாரம், 1999இல் வந்த ஓர் ஆய்வுக் கட்டுரை. எழுதியவர் பெயர் என்னுடையது.

அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. "என்னா போட்டிருக்கு?" என்றாள். முதல் தாளை மட்டும் படித்துச் சொன்னேன். இரண்டாவதை மடித்துக் கொடுத்துவிட்டேன்.

மார்ச் 6

தேநீர் சிந்தியது. வயது.

மார்ச் 8

வயது அல்ல. இந்த நோட்டை யாரும் படிக்கப் போவதில்லை, எழுதலாம்.

1998. நானூற்றுப் பன்னிரண்டு தோட்டத் தொழிலாளர்கள். என் கணவர் சுப்பிரமணியம் லீவு போட்டு ஐந்து தோட்டங்களுக்குக் கார் ஓட்டினார். அவர் தொழிலாளியின் கையைப் பிடித்துக் கொடுப்பார், நான் விரலைக் கண்ணாடியில் அழுத்தி ஆளுக்கு ஓர் அட்டை எழுதுவேன். பால் வெட்டுகிறவர்களின் விரல்கள் - ரப்பர் பாலும் அமிலமும் தின்றவை - பீங்கான் போல வழுவழுவென்று இருந்தன. அறுபத்தோரு பேருக்கு ரேகையே படியவில்லை. அவர்களைச் சேர்த்தால் என் முறை சரியில்லை என்று ஆகும். எடுத்துவிட்டேன். எடுத்தேன் என்று கட்டுரையில் ஒரு வரி இல்லை. மிச்சம் முந்நூற்று ஐம்பத்தொன்றில், கண்ணுக்கு ரேகை தெரிந்தும் கணினியில் படியாதவர்கள் மூன்று பேர்தான். நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு! உண்மை நூற்றுக்குப் பதினைந்துக்கும் மேல்.

சுத்தம் செய்தேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

சுப்பிரமணியம் ஒரே ஒரு முறை கேட்டார், சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்: "அந்த அறுபத்தோரு பேர எங்க வச்ச?"

"பிஸ்கட் டின்னுல" என்றேன். அவர் கேட்டது அட்டைகளை அல்ல என்று எனக்குத் தெரியும். சாகும்வரை மறுபடி கேட்கவில்லை.

மார்ச் 9

டின் அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. எடுக்கவில்லை.

மார்ச் 11

திருச்செல்வம் கூப்பிட்டான். என் மாணவன், இன்று பேராசிரியர். மே மாதம் ஆய்வுக்கூடம் ஒன்றுக்கு என் பெயர் வைக்கப் போகிறார்கள், உரை தயாரா என்று கேட்டான். நான் அறுபத்தோரு பேரைப் பற்றியும் டின்னைப் பற்றியும் சொன்னேன்.

"மேடம், ப்ளீஸ். என் தீசிஸே அந்த நம்பர் மேலதான் நிக்குது. அப்போ எல்லாரும் அப்படித்தானே பண்ணாங்க? அந்த டின்ன எரிச்சிடுங்க."

கோபப்பட்டேன். ஆனால் அவன் சொல்வதற்கு இரண்டு நாள் முன்பே தீப்பெட்டி எங்கே இருக்கிறது என்று நான் பார்த்து வைத்திருந்தேன்.

மார்ச் 12

கைபேசி இன்று என் விரலை ஏற்கவில்லை. ஐந்து முறை வைத்தேன். பிறகு ரகசிய எண்ணைக் கேட்டது, போட்டேன், திறந்தது. எனக்கு எண் இருக்கிறது. அவளுக்கு?

மார்ச் 15

டின்னைத் திறந்தேன். கரையான் அரிக்கவில்லை. அரித்திருந்தால் நல்லது என்று நினைத்தேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

நாற்பத்தேழாவது அட்டை. புனிதவதி, வயது 27, பால் வெட்டு. கீழே என் கையெழுத்தில்: மூன்று முறை முயன்றும் ரேகை படியவில்லை.

அந்த அட்டையை மட்டும் தனியே எடுத்து வைத்தேன்.

எதற்குப் பயம்? எழுபத்தாறு வயதில் சிறைக்கா போகப் போகிறேன்? இல்லை. பெயர். பெயரை எடுத்துவிட்டால் நான் யார்? எஸ்டேட் லயத்துக் கூலி வீட்டிலிருந்து கான்வென்டுக்குப் போன பெண், அவ்வளவுதானே?

மார்ச் 17

புனிதவதியை வரச் சொல்லி, நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே கொடுத்தாள்.

"ஐயா கையப் புடிச்சாரே, அதா? நீங்க பால் டின்னு ஒண்ணு குடுத்தீங்க. அப்பவே படியலையா? நான் வயசாயிருச்சுன்னுல நெனச்சேன்!" சிரித்தாள். சட்டென்று நிறுத்திக் கையை நீட்டினாள். "டீச்சர், இது ஒங்க கையெழுத்துதான? குடுங்க, ஆபீசுல காட்டுறேன்."

நான் அட்டையை டின்னுக்குள் வைத்தேன்.

"காட்டுனா ஒங்களுக்கு ஏதாச்சும் ஆவுமா?"

"ஆகும்."

நீட்டிய கையை அவள் மடக்கவில்லை. "எனக்கும் ஆவும்ல" என்றாள்.

விசாரணைக்கு நானே கொண்டு வருகிறேன் என்று அனுப்பிவிட்டேன். கொண்டு போவேனா? கடவுளே, எனக்கே தெரியவில்லையே.

மார்ச் 21

அட்டையைப் பையில் வைத்தேன், எடுத்தேன், மறுபடி வைத்தேன்.

மார்ச் 22

போனேன். ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி சசிகுமார், முப்பது வயது இருக்கும். "ஆண்டி, நீங்க இவங்களுக்கு என்ன வேணும்?" என்றான். கட்டுரையையும் அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். "இரண்டையும் எழுதியது நான். இந்த அட்டைதான் உண்மை" என்றேன். மேனேஜர் இரண்டு தடவை படித்தார்.

விசாரணையைத் தள்ளி வைத்திருக்கிறார்கள். அதுவரை மண்டோர் அவள் பெயரைக் கூப்பிடுவார். ஆனால் கட்டுரையை வெளியிட்ட இதழே திருத்தத்தை எழுத்தில் ஒப்புக்கொண்டால்தான் பதினொரு நாளையும் ரத்து செய்வார்களாம். ஏப்ரல் 30 கெடு.

வெளியே வந்ததும் புனிதவதி, "ஏறுங்க டீச்சர், கெட்டியாப் புடிச்சுக்குங்க" என்று மோட்டாரை முடுக்கினாள். எழுபத்தாறு வயதில், புடவையோடு. பிடித்துக்கொண்டேன்.

மார்ச் 24

ஆய்வுக்கூடத்திற்கு என் பெயர் வேண்டாம் என்று திருச்செல்வத்திற்கு எழுதினேன்.

கான்வென்டில் பிழையை ரப்பர் போட்டு அழித்தால் அடி விழும். ஒரே கோடு போட்டு அடிக்க வேண்டும், அடித்தது தெரிய வேண்டும். இதழுக்கு இன்று ஆங்கிலத்தில் அனுப்பியதைத் தமிழில் இங்கே வைக்கிறேன்.

ஆசிரியருக்கு,

1999இல் தங்கள் இதழில் வந்த என் கட்டுரையின் இரண்டாம் அட்டவணை தவறானது. ரேகை படியாத அறுபத்தோரு தோட்டத் தொழிலாளர்களை நான் தெரிந்தே நீக்கினேன், நீக்கியதைச் சொல்லவில்லை. அவர்களைச் சேர்த்த சரியான அட்டவணையும் அட்டைகளின் நகல்களும் இத்துடன் உள்ளன. கட்டுரையை அகற்ற வேண்டாம். தவறு தெரியும்படி திருத்தத்தை அதனுடனேயே வெளியிடவும். அந்த அட்டவணையை நம்பி ஒரு பெண்ணின் வேலை பறிக்கப்பட இருக்கிறது. இக்கடிதம் கிடைத்தது என்பதையும், திருத்தத்தை ஏற்கிறீர்களா என்பதையும் ஏப்ரல் 30க்குள் எழுத்து மூலம் எனக்குத் தெரிவிக்கவும்.

நவமணி சுப்பிரமணியம்