கோபுரத்து உச்சியில் அவள் சொன்னது

என் மல்லிகா அக்காவுக்கு,

நீ இறந்துபோய் ஒன்பது மாதம் ஆகிறது. உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். நேரில் சொல்லத் துப்பில்லாமல் போய்விட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் மித்ரா நம்முடைய பழைய வீடியோ கேமை விளையாடினாள். அதேதான், வடக்கே கட்கி தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் சின்ன வயதில் கேசட் போட்டு ஆடுவோமே, வாள் வைத்த பையன் பள்ளம் பள்ளமாகத் தாண்டிக் கோபுரம் ஏறுவானே. திரையில் வரும் எழுத்தெல்லாம் ஜப்பான் மொழி. நீ தடங்கலே இல்லாமல் தமிழில் படித்துக் காட்டுவாய். உனக்கு ஜப்பான் மொழி தெரியும் என்று ஏழாம் வகுப்பு வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் கட்டத்தில் வாசலை மறிக்கும் குண்டனை நான் வெட்டினால் உனக்கு மனசு கேட்காது. "அவன் கெட்டவன் இல்லடா. டூட்டி பாக்குறான், அவ்ளோதான்" என்பாய். அப்பாவும் தொழிற்சாலை வாசலில் காவல் வேலைதானே பார்த்தார். உச்சிக்கு மட்டும் நாம் போனதே இல்லை. "அங்க அந்த வாள் பையனோட அக்கா இருக்கா. போய்ச் சேரு, அப்புறம் சொல்றேன்" என்பாய்.

உச்சிக்குப் போய்ச் சேர்ந்தது போன தீபாவளிக்கு, என் ஃபிளாட்டில். பழைய கேமைப் புதிதாக வெளியிட்டிருந்தார்கள். சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் வந்த என் அலுவலக நண்பர்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். உச்சியில் சிவப்பு உடுப்புப் பெண் ஒருத்தி வந்தாள், கீழே ஜப்பான் மொழியில் மூன்று வரி. நீ முன்னால் நகர்ந்து, "இப்ப அவ என்ன சொல்றான்னா..." என்று ஆரம்பித்தாய்.

நான் சட்டென்று திரை எழுத்தை ஆங்கிலத்துக்கு மாற்றினேன். "அவ அக்காவே இல்ல, எதிரியோட ராணி. ஜப்பான்ல பெரிய மாங்கா இது, படக்கதையா வந்து உலகத்துக்கே தெரியும். நீ இத்தனை வருஷமா ரீல் விட்டிருக்க" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். டீ போடுவதாகச் சொல்லி எழுந்து போனாய்.

அதற்கப்புறம் அந்தக் கேமைப் பற்றி நீ வாயே திறக்கவில்லை. பொங்கலுக்கு முன்னாலேயே போய்விட்டாய். அவர்கள் முன்னால் உன்னால் எனக்குத் தலைகுனிவு வந்துவிடுமோ என்று பயந்துதான் முந்திக்கொண்டேன் அக்கா.

மித்ரா கதை கேட்டதும் ஜப்பான் மொழிக்கே மாற்றிவிட்டு, உன் கதையைச் சொன்னேன். வாசல்காரனை வெட்டாமல் தாண்டிப் போக அரைமணி நேரம் வழி தேடினாள். உச்சிக்குப் போனதும், "பதாவோ நா அப்பா, சொல்லுங்க, இந்த அக்கா என்ன சொல்றாங்க?" என்றாள்.

"அத்தைக்குத்தான் தெரியும்."

"நீங்க கேக்கலையா?"

மாங்காவில் இருப்பது வரிக்கு வரி தெரியும். நீ என்ன சொல்ல வந்தாய்?

இந்தத் தீபாவளிக்கு அதே நண்பர்களைக் கூப்பிட்டிருக்கிறேன். ஆங்கிலத்தை அணைத்துவிட்டு, அவர்களுக்கு உன் கதையை முதலிலிருந்து சொல்வேன். உச்சி வந்ததும் நிறுத்துவேன். மிச்சம் ஏன் எனக்குத் தெரியாது என்பதையும் சொல்வேன்.

உன்னைப் பேசவிடாத
உன் தம்பி