ஒகனெசானுக்கு இரண்டு மதிப்பெண்

7 ஜூலை 2025, திங்கள்

ஒருவழியாக வினாத்தாள் முடிந்தது. ஜொகூர் இடைநிலைப்பள்ளித் தமிழ்ப் பிள்ளைகளுக்கான அறிவியல் போட்டியில் இந்த வருடம் வேதியியல் தாள் மட்டும்தான்; அது முழுக்க என் தலையில். இருபத்தைந்து கேள்வி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு மதிப்பெண். இருபத்து நாலு வரைக்கும் ஓடி வந்துவிட்டேன். கடைசி ஒன்றுக்குத்தான் மூளை நின்றுபோனது. குக்கர் மூன்றாவது விசில் அடிப்பதற்குள் இதை எழுதினேன்:

"118ஆவது தனிமமான ஒகனெசான் 18ஆம் தொகுதியில் உள்ளது. அறை வெப்பநிலையில் அதன் நிலை என்ன? அது வினைபுரியுமா?"

ஸ்கீமாவும், அதாவது திருத்துபவர்களுக்கான விடைக்குறிப்பும், எழுதியாயிற்று. நிறமற்ற வாயு - ஒன்று. வினைபுரியாது - ஒன்று. திருத்துபவர்கள் ஸ்கீமாவில் உள்ள சொல்லைத்தான் தேடுவார்கள். இருந்தால் டிக், இல்லையென்றால் முட்டை. ஹீலியம் முதல் ரேடான் வரை அந்தத் தொகுதியில் எல்லாமே வாயு. கடைசிப் பிள்ளை மட்டும் வேறு மாதிரியாகவா இருக்கும்?

எங்கள் பள்ளியிலிருந்து அபர்ணா போகிறாள். ஐந்தாம் படிவம், என் மாணவி. நான் வினா எழுதுவதால் அவளுடைய பயிற்சிப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. இயற்பியல் குணாளன் சார்தான் பார்த்துக்கொள்கிறார். என்னைவிட நேர்மையான டீச்சர் குளுவாங்கிலேயே கிடையாது என்று எனக்கு ஒரு நினைப்பு.

12 ஜூலை, சனி

கூலாய் மண்டபத்தில் போட்டி. அறுபத்திரண்டு பிள்ளைகள். குளிர்சாதனம் வேலை செய்யவில்லை. எல்லாரும் வினாத்தாளையே விசிறியாக வைத்துக்கொண்டார்கள்.

14 ஜூலை, திங்கள்

அபர்ணா முதலிடம்! 46. இரண்டாவது பண்டார் தெங்காராவிலிருந்து லோஷினி என்ற பிள்ளை, 45.

முதலிடம் பெறுபவருக்குக் கோலாலம்பூரில் இரண்டு வார அறிவியல் முகாம். பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்திலேயே வேலை செய்யலாம். ஒரு மாநிலத்துக்கு ஒரே இடம். 23ஆம் தேதி பெயர் போய்விடும். ஆட்சேபம் இருந்தால் அதற்குள் சொல்ல வேண்டும். எங்கள் பெங்கெத்துவா, தலைமையாசிரியர், இப்போதே வாழ்த்துப் பானருக்குச் சொல்லிவிட்டார். அபர்ணா ஆசிரியர் அறை வாசலில் நின்று அழுதாள், சந்தோஷத்தில். நானும்தான்.

16 ஜூலை, புதன்

ஓய்வு நேரத்தில் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு.

"டீச்சர், நான் லோஷினி. பண்டார் தெங்காரா. ரெண்டாவதா வந்தேன்லா, அந்தப் பிள்ளை."

வாழ்த்துச் சொன்னேன். அவள் அதை வாங்கிக்கொள்ளக்கூட இல்லை.

"கேள்விக்குக் கேள்வி மார்க் லிஸ்ட் வந்திச்சு டீச்சர். கடைசிக் கேள்விக்கு எனக்கு முட்டை. நான் மார்க் கேக்க வரல. எழுதினது தப்புன்னா எது சரின்னு சொல்லுங்க, திருத்திக்கிறேன்."

"என்னம்மா எழுதின?"

"அஞ்சாறு அணுதான் இதுவரைக்கும் செஞ்சிருக்காங்க, ஒரு செகண்டுல ஆயிரத்துல ஒரு பங்குகூட நிக்கல, அதனால யாரும் கண்ணால பாத்ததில்ல. ஆனா கணக்குப் போட்டுப் பாத்தா அது திடப்பொருளா இருக்கலாம், மத்ததவிட சுலபமா வினைபுரியலாம். இப்படித்தான் எழுதினேன்."

"ஸ்கீமாபடிதாம்மா திருத்துவாங்க" என்றேன்.

"ஓ. சரி டீச்சர். நன்றி."

அவ்வளவுதான். கோபப்பட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசிச் சமாளித்திருப்பேன். நன்றி சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

எது சரி என்று கேட்டாள். நான் பதில் சொல்லவேயில்லை.

17 ஜூலை, வியாழன்

பள்ளி முடிந்ததும் நூலகத்தில் உட்கார்ந்து படித்தேன். முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை.

கால்சியம் அணுக்கருவில் 20 புரோட்டான். கலிபோர்னியத்தில் 98. கால்சியத்தை வேகமாகச் செலுத்திக் கலிபோர்னியத்தின் மேல் மாதக்கணக்கில் மோத விடுகிறார்கள். கோடானுகோடி மோதலில் எப்போதாவது ஒன்று ஒட்டிக்கொள்கிறது. இருபதும் தொண்ணூற்றெட்டும் நூற்றுப்பதினெட்டு. ஒட்டிய வேகத்தில் சிதைந்தும் போகிறது. சிதைந்த துண்டுகளை வைத்துத்தான் அது இருந்தது என்றே சொல்கிறார்கள்.

அந்த அணுக்கருவின் மின்னூட்டம் மிக அதிகம். உள்வட்ட எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தில் பாதிக்கும் மேல் ஓடவேண்டியிருக்கிறது. அதனால் அணுவின் அமைப்பே மாறுகிறது. வெளிவட்ட எலக்ட்ரான்கள் பரந்து, தளர்ந்து கிடக்கும். பக்கத்து அணுவோடு எளிதில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டால் அது எங்கே வாயு? ஏறக்குறைய ஐம்பது டிகிரியில்தான் உருகும் என்கிறது ஒரு கணக்கு. அப்படியென்றால் குளுவாங் வெயிலில்கூடக் கல்லாகத்தான் கிடக்கும்.

பிள்ளை எழுதியது அத்தனையும் சரி. நான் எழுதிய ஸ்கீமா தப்பு. பாதி தப்புகூட இல்லை, முழுத் தப்பு.

இன்னொன்றும் படித்தேன். 1999இல் ஓர் ஆய்வகம் 118ஐக் கண்டுபிடித்துவிட்டோம் என்று அறிவித்திருக்கிறது. மற்றவர்கள் செய்து பார்த்தபோது கிடைக்கவில்லை. இரண்டு வருடத்தில் அவர்களே, நாங்கள் சொன்னதை விட்டுவிடுங்கள் என்று திரும்ப வாங்கிக்கொண்டார்கள். உலகம் முழுக்கச் சிரித்திருக்கும். எனக்கு அறுபத்திரண்டு பிள்ளைகளும் ஒரு பெங்கெத்துவாவும்தான். அதற்கே பயமாக இருக்கிறது.

18 ஜூலை, வெள்ளி

பள்ளி வாசலில் பானர் கட்டிவிட்டார்கள். அபர்ணாவின் படம் ஆள் உயரம்.

19 ஜூலை, சனி

காலையிலிருந்து ஒரே கணக்கு. லோஷினிக்கு இரண்டு கொடுத்தால் 47. வாயு என்று எழுதிய அபர்ணாவுக்கு இரண்டு போனால் 44. சரி, கேள்வியே தப்பு, எல்லாருக்கும் ரத்து செய்யலாம் என்று வைத்தால்? அபர்ணா 44, லோஷினி 45. எப்படிப் போட்டாலும் அந்தப் பிள்ளைதான் முன்னால் வருகிறாள். மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். கூட்டல் கழித்தல் தெரியாதவளா நான்? வேறு விடை வராதா என்ற ஆசைதான்.

மத்தியானம் சதாசிவம் ஐயாவுக்குப் போன் போட்டேன். போட்டிக் குழுத் தலைவர். முழுவதும் கேட்டார்.

"யாராச்சும் ஆட்சேபம் எழுதிக் குடுத்தாங்களா டீச்சர்?"

"இல்ல ஐயா."

"அப்பறம் என்ன? பாடப்புத்தகத்துல பதினெட்டாவது தொகுதி வாயுதானே? அது போதும். முதல்ல வந்தது உங்க பிள்ளை. நீங்களே உங்க வீட்டுக் கூரையில கல்லு விட்டெறிவீங்களா?"

"நான் எழுதினது தப்பு ஐயா."

"அலமாக், டீச்சர்! இதெல்லாம் வெளிய வந்தா அடுத்த வருசம் எந்தப் பள்ளிக்கூடம் பிள்ளைய அனுப்பும்? நல்லா யோசிங்க. புதன்கிழமை லிஸ்ட் போயிரும். நான் ஒண்ணும் கேக்கல, நீங்க ஒண்ணும் சொல்லல."

போனை வைத்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் இருந்தது. பெரியவரே விடச் சொல்லிவிட்டார், நான் என்ன செய்ய முடியும்? மாலைவரை அந்த நிம்மதியிலேயே துணி மடித்தேன், மீன் கழுவினேன்.

20 ஜூலை, ஞாயிறு

நிம்மதி போய்விட்டது.

என் வீட்டுக்காரர் மகேஸ்வரனிடம் சொன்னேன். பாசிர் கூடாங்கில் வாரம் முழுக்கத் தொழிற்சாலையில் நின்றுவிட்டு ஞாயிறு ஒருநாள்தான் வீட்டில் கால் நீட்டுகிற மனிதர். "சொல்லிடப் போறியா?" என்றார். தெரியவில்லை என்றேன். "பானர யாரு எறக்குவா? நானா ஏணியப் புடிக்கணும்?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறகு அவரே, "மொதல்ல உன் பிள்ளகிட்ட சொல்லு. மத்தவங்க சொல்லி அது கேக்கக் கூடாது" என்றார்.

அபர்ணா முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? முகாமுக்கென்று புதுப் பை வாங்கிவிட்டாளாம். அவள் என்ன தப்புச் செய்தாள்? கேள்வி கேட்டவள் நான், விடை வைத்தவள் நான். இரண்டு பிள்ளைகள், ஒரு இடம். என் அவசரத்துக்கு யாரோ ஒருத்தி அழணும். யார் அழணும்னு நான் முடிவு பண்ணணுமா? ஏன் நான்?

ஏனென்றால் நான்தான் எழுதினேன்.

21 ஜூலை, திங்கள்

பள்ளி முடிந்ததும் அபர்ணாவை ஆய்வுக்கூடத்துக்கு வரச் சொன்னேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். என் ஸ்கீமா தப்பு, லோஷினி எழுதியது சரி, திருத்தினால் நீ இரண்டாவது. நாளைக்கு நான் கடிதம் கொடுக்கப் போகிறேன்.

அழுவாள் என்று நினைத்தேன். டிஷ்யூகூடக் கையில் வைத்திருந்தேன். அவள் மேசையைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"எனக்கும் தெரியும் டீச்சர்."

"எது?"

"அது வாயுவா இருக்காதுன்னு. நானும் படிச்சிருக்கேன். பேப்பர்ல மொதல்ல திடப்பொருள், வினைபுரியும்னுதான் எழுதினேன். அப்பறம் கோடு போட்டு அடிச்சிட்டு வாயு, வினைபுரியாதுன்னு எழுதினேன்."

"ஏம்மா?"

"நீங்கதானே டீச்சர் எப்பவும் சொல்வீங்க? உனக்கு என்ன தெரியும்னு எழுதாத, ஸ்கீமா என்ன கேக்கும்னு யோசிச்சு எழுதுன்னு."

சொல்வேன். வாரத்துக்கு மூன்று தடவை சொல்வேன். பதினேழு வருடமாகச் சொல்கிறேன். அதனால்தான் என் வகுப்பில் இத்தனை 'ஏ' கிரேடு என்று கூட்டங்களில் பெருமையும் அடித்திருக்கிறேன்.

"அடிக்காம விட்டிருந்தா அன்னைக்கே நான் ரெண்டாவது. அடிச்சதுனால இன்னைக்கு ரெண்டாவது" என்றாள். குரல் அப்போதுதான் உடைந்தது. நான் நீட்டிய டிஷ்யூவை வாங்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான்தான் அழுதேன். ஆய்வுக்கூடத்துக் கதவைச் சாத்திக்கொண்டு.

22 ஜூலை, செவ்வாய்

அரைநாள் விடுப்பு. கூலாய்க்குப் போய்ச் சதாசிவம் ஐயா கையிலேயே கடிதத்தைக் கொடுத்தேன். தபாலில் போட்டால் தொலைந்துவிடும் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். நின்றபடியே படித்தார்.

"உங்க பேருதான் டீச்சர் கெடும்."

"கெடட்டும் ஐயா. தப்பு என்னுதுதானே."

அடுத்த வருடம் வினா எழுத என்னைக் கூப்பிட மாட்டார்கள் என்றார். சரி என்றேன்.

வெளியே வந்து காரில் உட்கார்ந்து லோஷினிக்குப் போன் செய்தேன். "நீ எழுதினதுதாம்மா சரி. நான் எழுதினதுதான் தப்பு" என்றேன். "நெசமாவா டீச்சர்? அப்ப அது திடப்பொருளா?" என்றாள். முகாமைப் பற்றி அவள் கேட்கவில்லை. நான்தான் சொன்னேன்.

24 ஜூலை, வியாழன்

லோஷினியின் பெயர் போய்விட்டது. பானர் இறங்கிவிட்டது. பெங்கெத்துவா என்னைப் பார்த்தால் சுவரைப் பார்க்கிறார்.

11 ஆகஸ்ட், திங்கள்

அபர்ணா வகுப்பில் கை தூக்குவதில்லை. கேட்டால் பதில் சொல்கிறாள், சரியாகவே சொல்கிறாள். நான் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல டீச்சர்" என்றாள். உண்மையிலேயே பரவாயில்லை என்றால் முகம் அப்படி இருக்காது.

28 ஆகஸ்ட், வியாழன்

வகுப்புத் தேர்வு. கடைசிக் கேள்வி: "119ஆவது தனிமத்தை இன்னும் யாரும் உண்டாக்கவில்லை. உண்டாக்கினால் அது எப்படி இருக்கும்?" இதற்கு ஸ்கீமா கிடையாது, நீங்கள் நினைப்பதை எழுதுங்கள் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுத்தான் தாளைக் கொடுத்தேன். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இப்போது திருத்திக்கொண்டிருக்கிறேன். அபர்ணாவின் தாள். "முதல் தொகுதி. மென்மையான உலோகம். நீருடன் கடுமையாக வினைபுரியும்." பாடப்புத்தகத்தில் இருக்கும் வரிசைப்படி, ஒரு சொல் பிசகாமல் எழுதியிருக்கிறாள். கீழே சின்னதாக: "டீச்சர், இது ஸ்கீமாவுக்கு. என் விடை பின்பக்கம்."

திருப்பினேன்.

"எனக்குத் தெரியாது. முதல் தொகுதியில் வரும் என்பதற்காக அதே மாதிரிதான் இருக்கும் என்று சொல்ல மாட்டேன். யாராவது உண்டாக்கட்டும், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்."

பின்பக்கத்துக்கு முழு மதிப்பெண் போட்டேன். ஸ்கீமா இல்லை என்று நான் சொன்னதை வகுப்பில் முப்பது பேர் நம்பினார்கள். அவள் இன்னும் நம்பவில்லை.