ஒரு விரல் அகலம் குறைவு

11.5.86, ஞாயிறு. நொஷாட்டல், சுவிஸ்.

காலையில் ஏரியில் இரண்டு பேர்ச் மீன்கள் பிடித்தேன். சின்னது தூண்டில் முள்ளை வயிறுவரை விழுங்கியிருந்தது. கழற்றும்போதே செவுளால் இரத்தம் வந்தது. அந்நேரம் மீன்பிடிக் காவலர் அளவுகோலோடு வந்தார். சின்னதை அளந்து, சட்ட அளவுக்கு ஒரு விரல் அகலம் குறைவு, தண்ணீரில் விடு என்றார். இது பிழைக்காது என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். சட்டம் என்றார். விட்டேன். வயிறு மேலே தெரிய மிதந்தது. கடற்காகம் ஒன்று கொத்திக்கொண்டு போனது. இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

பெரியதை அளந்துவிட்டு, நல்ல மீன் என்று என் கையைக் குலுக்கினார்.

அறைக்கு வந்ததும், என்னோடு தங்கியிருக்கும் சிவம்தான் அதை வெட்டினான்.

"அண்ணை, இஞ்ச பாருங்கோ, வயிறு முழுக்கச் சினை. இதை விடச் சொல்லேல்லையோ?"

"இல்லை. இது அளவான மீன்."

"அப்ப மற்றது?"

"அதை விட்டாச்சு."

சினையை மிளகாய்த்தூள் போட்டுப் பொரித்தான். நானும் சாப்பிட்டேன். ருசி தெரியவில்லை. கோபம் வருமென்று பார்த்தேன், அதுவும் வரவில்லை.

கையை மூன்று தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவியும் மீன் மணக்கிறது. பிடித்த மீனை எழுத வேண்டிய புத்தகத்தை இப்போதுதான் எடுத்தேன். இன்றைய தேதிக்கு நேரே ஒன்று என்று எழுதினேன். சட்டப்படி அது சரி.