வேதப்புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்த விதை

கோவில்பட்டி,
12-3-1961, ஞாயிறு.

அன்புள்ள அத்தானுக்கு கிருபா எழுதுவது,

ஆண்டவருடைய இரக்கத்தால் நானும் பிள்ளைகளும் சுகம். உங்கள் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. சளியில் கிருமி இல்லை என்று டாக்டர் சொன்னதாக எழுதியிருந்த வரியைப் படித்ததும் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பால் பொங்கி வழிந்தது. வழிந்தால் வழியட்டும் என்று விட்டுவிட்டேன்.

இனிமேல் ஒரு விஷயத்தை உங்களிடம் சொல்லலாம். கோபப்பட்டு இருமலை இழுத்துவிட்டுக்கொள்ளக் கூடாது. உங்கள் மஞ்சள் ஆளி விதை பத்திரமாக இருக்கிறது. ஆனால் நடுவில் பன்னிரண்டு நாள் அது நம் வீட்டில் இல்லை.

நீங்கள் சானடோரியம் போன பிறகு நானும் பண்ணையில் களையெடுக்கிற வேலுத்தாயும் அங்கே நீங்கள் போட்டிருந்த நாலு வரிசையையும் அறுத்து, அடித்து, தூற்றி எடுத்தோம். பண்ணை ஸ்டோரில் எலி, வீட்டில் வை என்று சொன்னது நீங்கள்தான். வெள்ளைத் துணியில் முடிந்து, அலமாரியில் வேதப்புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். பிள்ளைகள் கை வைக்காத இடம் வேறே எது இருக்கிறது நம் வீட்டில்? அதுவே வினையாகப் போயிற்று.

ஸ்தோத்திரப் பண்டிகைக்கு உங்கள் அக்கா ஓட்டப்பிடாரத்திலிருந்து வந்தார்கள். நான் தண்ணீருக்குப் போயிருந்த நேரம். முதல் விளைச்சலை வெள்ளைத் துணியில் முடிந்து வேதப்புத்தகத்தோடு வைத்துக் கோவிலுக்குக் கொண்டுபோவதுதானே நம் ஆட்கள் வழக்கம்? கிருபா மறந்துவிட்டாள் போல என்று மதினி அதைக் காணிக்கைக்கு எடுத்துப் போய்விட்டார்கள். அங்கே ஊர்க்காரர் கொண்டுவந்த நாட்டு ஆளி விதையோடு ஒரே சாக்கில் கொட்டி ஏலம் விட்டார்கள். செக்கு வைத்திருக்கிற சேக் முகம்மது அண்ணாச்சி எடுத்தார். நானும் அங்கேதான் பாட்டுப் பாடிக்கொண்டு நின்றேன், பாவி. வீட்டுக்கு வந்து காலி அலமாரியைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

ஆறு வருஷம் அத்தான். வெயிலில் குனிந்து ஒவ்வொரு பூவாகத் தொட்டு நீங்கள் ஒட்டுச் சேர்த்தது. நாட்டு விதை எண்ணெயைக் கண்ணாடியில் தடவினால் காய ஒரு வாரம் ஆகிறது, இது மூன்றே நாளில் காய்கிறது, பெயிண்ட்டுக்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்று சின்னப் பிள்ளை மாதிரி குதித்தீர்களே. வேறே எங்கேயும் ஒரு பிடி மிச்சம் கிடையாது. மதினியை வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். அவர்கள் அழுதார்கள்.

இரண்டு பேருமாக ஓடினோம். தெருமுனையிலேயே செக்கு ஓடுகிற சத்தம் கேட்டது. உள்ளே பாய்ந்தேன். ஆனால் செக்கில் ஆடியது எள்ளு. ஆளி விதையில் மஞ்சளாகக் கிடந்ததைப் பார்த்து, பழைய விதை, நிறம் வெளுத்துவிட்டது, ஆட்டினால் எண்ணெய் காறும் என்று அண்ணாச்சி சாக்கை ஒதுக்கி வைத்திருக்கிறார். மாட்டுக்கு வேகவைத்துப் போடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தாராம். உங்கள் ஆறு வருஷம் மாட்டுக்கு! அங்கேயே சிரித்துவிட்டேன். சிரித்தது அழுகையாகப் போயிற்று.

மஞ்சளை நீங்கள் எடுத்துக்கோங்க, மற்றது எனக்குப் போதும் என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார். அவர் சம்சாரம் மெஹருன்னிசா, நான், மதினி மூன்று பேரும் பன்னிரண்டு நாள் சுளகில் கொட்டிப் பொறுக்கினோம். எல்லாம் கலந்து கிடந்ததே, குணம் கெட்டுப் போயிருக்காதா என்று மதினிக்குப் பயம். விதையின் தோல் தாய்ச் செடி கொடுப்பது, உள்ளே இருக்கிற பருப்புக்குத்தான் தாயும் தகப்பனும், எண்ணெயின் குணம் பூவில் அந்தப் பருப்பு உண்டாகும்போதே முடிவாகிவிடுகிறது, சாக்கில் கிடந்தால் மாறாது என்று சொன்னேன். இந்தப் பக்கத்தில் மஞ்சள் தோல் வேறே யார் காட்டிலும் கிடையாது, அதனால் தாய் நம்முடையது. பூவுக்கெல்லாம் நீங்கள் உறை மாட்டியிருந்தீர்கள், அதனால் தகப்பனும் நம்முடையதுதான். மெஹருன்னிசா வாயைப் பிளந்து கேட்டாள். நீங்கள் பாடம் நடத்தும்போது நான் தூங்கிவிடுகிறேன் என்று இனிமேல் சொன்னால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அண்ணாச்சி சோதித்துப் பார்க்காமல் விடவில்லை. ஒரு பிடியை உரலில் இடித்துப் பிழிந்து கண்ணாடியில் தடவி வைத்தார். மூன்றாம் நாள் விரலால் தொட்டுப் பார்த்தார், ஒட்டவில்லை. உடனே உங்களைப் பற்றித்தான், இஸ்ரவேல் எப்போ வருவாருன்னு கேட்டார். நமக்கு மீண்டது முக்கால் படி. நாலு வரிசைக்கு இரண்டு பிடியே தாராளம் என்று வேலுத்தாய் சொல்கிறாள்.

மதினிக்கு இரண்டு வரி எழுதிப் போடுங்கள். இன்னும் சரியாகச் சாப்பிடவில்லை. நான் பேசியதற்கு நான் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். மூத்தவனுக்குச் சளி பிடித்துச் சரியாகிவிட்டது. சின்னவள் பல் முளைத்துக் கண்டதையெல்லாம் கடிக்கிறாள்.

மாசி முதல் வாரம் வந்த கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், ஒருவேளை நான் திரும்பாவிட்டால் விதை முடிப்பையும் ஒட்டுக் கணக்கு எழுதிய நோட்டையும் பண்ணை ஆபீசரிடம் ஒப்படைத்துவிடு என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு நான் பதிலே போடவில்லை. அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்து அடுப்பில் போட்டேன். சொன்னால் சொன்னதுதான், நான் யாரிடமும் ஒப்படைக்க மாட்டேன். டாக்டர் இன்னும் ஆறு மாசம் என்றால் ஆறு மாசமும் இருங்கள், ஒரு நாள் முந்தி வர வேண்டாம். முட்டையைப் பக்கத்துக் கட்டிலுக்குத் தள்ளிவிடாமல் நீங்களே சாப்பிடுங்கள். ஐப்பசி மழைக்குக் கரிசல் ஈரமானதும் இந்த விதையை உங்கள் கையால் போட வேண்டும்.

ஆண்டவர் உங்கள் நெஞ்சைக் காப்பாராக. அடுத்த கடிதத்தில் விதையைப் பற்றி ஒன்றும் கேட்க வேண்டாம். ஐப்பசிக்கு வந்துவிடுவேன் என்று மட்டும் எழுதுங்கள் அத்தான், அது போதும்.

உங்கள்
கிருபா