கலுழியாற்றில் சங்கிலி இறங்கிய செய்தி

மழை பொய்க்காத மலைகளையும் அம்மலைகள் ஈன்ற ஆறுகளையும் உடைய தண்பொறை நாட்டை, வேங்கைமூதூர் அரியணையில் அமர்ந்து ஆளும் கோமகள் வெண்ணிமாதேவியாரின் திருவாய்மொழிப்படி, ஓலைநாயகம் கீரங்கோவன் எழுதுவித்த ஓலை. வடகரைக் கூற்றத்தின் தலைவரும் ஆற்றுத்துறைகள் அனைத்துக்கும் காவலருமாகிய நள்ளியங்கோ அவர்கள் கண்டு கொள்க. தங்கள் கூற்றத்தில் ஏரிகள் நிறைக, கரைகள் நிலைக்க, இக்கார்காலத்து வெள்ளத்தால் இருண்ட வீடுகளில் மறுபடி விளக்கு எரிக.

கலுழியாற்றின் மருதந்துறையில் ஏழு உயிர் போனதும், துறைக்காவலன் எயினன் விலங்கிட்டு இங்கே கொண்டுவரப்பட்டதும் தாங்கள் அறிந்தவையே. ஆயினும் அவன் வழக்கு எவ்வாறு முடிந்தது என்பது வழிப்போக்கர் வாயில் ஊருக்கு ஒரு முகம் காட்டுகிறது என்று கேள்விப்படுகிறோம். ஆகவே நடந்ததை முதலிலிருந்தே எழுதுகிறோம். அவையில் பேசியவர்களின் சொற்களை ஏட்டுநடைக்குத் திருத்தாமல் அவர்கள் சொன்னபடியே பொறிக்க வேண்டும் என்பது தேவியாரின் ஆணை.

தேவியார் முடிசூடிய புதிதில், மருதந்துறையில் ஒரு திருமண ஊர்வலம் வண்டியும் மாடுமாக வெள்ளத்தில் போனதைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்தத் துயரத்தில் பிறந்ததே சங்கிலிச் சட்டம். ஆற்றின் நடுப்பாறையில் உளியால் ஒரு கோடு வெட்டப்பட்டது. நீர் அக்கோட்டை மறைத்தால், துறையின் இறக்கத்தில் நிற்கும் இரு கல்தூண்களுக்கு இடையே காவலன் சங்கிலியை ஏற்ற வேண்டும். ஏறிய சங்கிலியைத் தாண்டியவனுக்குக் கசையடி. கோடு மறைந்திருக்கும்போது சங்கிலியை இறக்கிய காவலனுக்கு மரணம். அன்று ஊரார் முணுமுணுத்தார்கள். ஆற்றைப் பார்த்து இறங்கத் தங்களுக்குத் தெரியாதா என்று கேட்டார்கள். பின்னர் ஆண்டுகள் சென்றன, துறையில் ஒருவரும் சாகவில்லை, முணுமுணுப்பு அடங்கிற்று. நீரில் நுரை கட்டுகிறதா, வேரோடு செடி மிதந்து வருகிறதா என்று கரையில் நின்று பார்த்த கண்கள் அதன்பின் சங்கிலியை மட்டுமே பார்த்தன. அதை அக்காலத்தில் எவரும் ஒரு குறையாக எண்ணவில்லை.

எயினன் முன்பு கோட்டைவாயில் காத்த வீரன். சொன்ன சொல்லுக்கு மேல் ஒன்று செய்யான், கீழும் ஒன்று செய்யான். சங்கிலி ஏறிய நாட்களில் கரையில் காத்துக் கிடப்பவர்களுக்குத் தன் கூழை ஊற்றிக் கொடுப்பவன் என்று ஊரார் அவையில் சொன்னார்கள். அவனுடைய இயல்பில் கொடுமை இல்லை.

சென்ற கார்காலத்தில் ஒருநாள், உப்பு வண்டிக்காரன் கோடன் தன் மனைவி நக்கையை வண்டியில் படுக்கவைத்துத் துறைக்கு வந்தான். பிள்ளை வயிற்றில் குறுக்கே கிடந்தது; அதைத் திருப்பத் தெரிந்த மருத்துவச்சி அக்கரையில் இருந்தாள். பாறையிலிருந்த கோடு நீருக்குள் ஒரு விரல் அளவு மறைந்திருந்தது. சங்கிலி ஏறியிருந்தது.

“காவக்காரரே, முழங்கால் தண்ணிதான். வண்டிய எறக்குறேன். செத்தா அது என் சாவு, உங்க மேல பழி இல்ல,” என்று கோடன் கைகூப்பினான்.

“கோடு மறைஞ்சிருக்குப்பா,” என்றான் எயினன். “கோடு தெரியட்டும், தொறக்குறேன்.”

தன் தலைக்கு அஞ்சி அப்படிச் சொல்லவில்லை என்று எயினன் அவையில் சொன்னான். அந்த நீரைக் கடக்கலாம் என்பது அவனுக்குத் தெரிந்தே இருந்தது. விடியலிலிருந்து நீர் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஆனால் ஒருமுறை கண்ணை நம்பித் திறந்துவிட்டால் பிறகு கோடு எதற்கு என்ற எண்ணமே அவனைப் பிடித்துக்கொண்டதாம். கோடன் கெஞ்சினான், ஏசினான், தூணிலிருந்த கொக்கியைப் பிடித்து இழுத்தான். எயினன் கையிலிருந்த வேலைக் குறுக்கே பிடித்து அவனைத் தடுத்தான். வண்டிக்குள்ளிருந்து நக்கைதான் பேசினாள்.

“விடுங்க. அவரு என்ன பண்ணுவாரு. அவரு வேல அது.”

விளக்கு வைக்கும் வேளைக்குள் நக்கை இறந்தாள். பிள்ளை பிறக்கவே இல்லை. அதே மாலை நீர் வடிந்து கோடு தெரிந்தது. எயினன் சங்கிலியை இறக்கினான். கடப்பதற்கு அங்கே ஒருவரும் இல்லை. கோடன் மாட்டைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே போனான்.

மன்றாட்டுக்கு இளகாமல் சட்டத்தைக் காத்தவன் என்று எயினனைப் புகழ்ந்து தங்கள் கூற்றத்திலிருந்து ஓலை வந்தது. அரண்மனையிலிருந்து கரைவைத்த பட்டு ஒன்று அனுப்பப்பட்டது. ஊரார் கூடிய மன்றில் தங்கள் கையாலேயே அதை அவன் தலையில் கட்டினீர்கள். அந்தப் பட்டு இப்போது எங்கே என்று அவையில் ஒருவர் கேட்டபோது, குடிலின் மூலையில் போட்டதாகவும், எலி அதில் குட்டி போட்டிருந்ததைப் பார்த்தும் எடுக்க மனம் வரவில்லை என்றும் எயினன் சொன்னான். அதன்பின் அவனால் இரவில் உறங்க இயலவில்லை. நீர் ஏறும் நாட்களில் பாறையையே பார்த்துக்கொண்டிருப்பான். கோடு மறைந்தவுடன் வண்டிச்சத்தம் கேட்கிறதா என்று தெற்குப் பாதையைத் திரும்பிப் பார்ப்பான்.

இவ்வாண்டு மழையில், தென்கரை வயல்களில் நடவு முடித்த பெண்கள் வடகரையிலுள்ள தம் ஊருக்குத் திரும்பத் துறைக்கு வந்தார்கள். அவர்களுள் தத்தை என்பவள் கைப்பிள்ளையை அக்கரையில் மாமியாரிடம் விட்டு வந்தவள். பால் கட்டி நெஞ்சு கடுக்க, அவள் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கோடு நீருக்குள் மறைந்திருந்தது. முன்போலவே ஒரு விரல் அளவுதான்.

“அண்ணே, புள்ள நேத்துலேர்ந்து பாலில்லாம கெடக்கும்ணே. எப்ப எறங்கும் இது?” என்று தத்தை கேட்டாள்.

எயினன் ஆற்றைப் பார்த்தான். நிறமும் ஓட்டமும் அன்று கண்டவை போலவே இருந்தன. அவளுக்குப் பின்னால் ஒரு வண்டி நிற்பதுபோலத் தனக்குத் தோன்றியதாக அவன் சொன்னான். எவரிடமும் அவன் எதுவும் கேட்கவில்லை. கொக்கியைக் கழற்றிச் சங்கிலியைத் தரையில் விட்டான்.

“வாங்க. நான் முன்னால போறேன். கைய விடாம வாங்க.”

வேலால் அடி பார்த்துக்கொண்டு அவன் முன்னே நடந்தான். பெண்கள் கைகோத்துப் பின்னே வந்தார்கள். மலையடி மேலேரியின் கரை அன்று காலையே உடைந்துவிட்டது என்பதை அறிந்தவர் அங்கே எவரும் இல்லை. ஆனால் ஆறு அதை அறிவித்துக்கொண்டுதான் இருந்தது. கரையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த கோடன், பச்சை இலையும் வேருமாகச் செடிகள் மிதந்து வருவதைக் கண்டான். நீரின் ஓரத்தில் நுரை ஏறியது.

“ஏ, தண்ணி மாறுது! ஏறுங்க, ஏறுங்க!” என்று கூவினான்.

கடைசியில் வந்த பெண் அக்குரலைக் கேட்டாள். அவள் திரும்பிப் பார்த்தாள். சங்கிலி இறங்கியே கிடந்தது. ஆகவே மேலும் முன்னே நடந்தாள். அவள் உடல் இன்றுவரை கிடைக்கவில்லை.

வெள்ளம் வந்தபோது அவர்கள் நட்டாற்றில் இருந்தார்கள். கோடன் வண்டிக்கயிற்றை மரத்தில் கட்டி மறுமுனையை வீசினான். தத்தை அதைப் பற்றிக் கரையேறினாள். வேறு சிலரும் ஏறினார்கள். எயினன் கைக்குக் கயிறு எட்டியும் அவன் அதைப் பற்றவில்லை. கோடன் நீரில் குதித்து, அவன் தலைமயிரைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டான்.

வழக்கு பேரவையில் நடந்தது. சட்டம் தெளிவானது. எயினனும் எதையும் மறுக்கவில்லை. தன்னைக் கொன்றுவிடும்படியே வேண்டினான். மகளைப் பறிகொடுத்த ஒரு தாய் எழுந்து நின்றாள்.

“அவன் தலைய எடுத்தா ஒம் மக வருவாளான்னு கேப்பீங்க. வரமாட்டா. தெரியும். இருந்தாலும் எடுங்க,” என்றாள்.

அவளை எவராலும் தேற்ற முடியவில்லை.

தத்தையின் முறை வந்தது. அவள் சொன்னாள்: “நான் கெஞ்சினேன், அவரு தொறந்தாரு. எங்கள்ள ஒருத்தியும் ஆத்தப் பாக்கல தாயே. சங்கிலியத்தான் பாத்தோம். அது எறங்குச்சு, நாங்களும் எறங்கினோம். எங்கம்மா இருந்திருந்தா தண்ணியப் பாத்திருப்பா.”

கோடனை அழைத்து, மனைவி சாகக் காரணமாக நின்றவனை எதற்காக இழுத்துப் போட்டாய் என்று படைத்தலைவர் கேட்டார்.

“ஆத்துல போறவன இழுத்தேன் ஐயா. யாருன்னு பாத்தா இழுப்பாங்க?” என்றான் கோடன்.

அவையோர் இரு பக்கமாகப் பிரிந்தார்கள். காவலனைக் கொன்று, இன்னொரு சங்கிலியும் சேர்த்து, கரை நெடுக முள்வேலி இட வேண்டும் என்றார் படைத்தலைவர். குடிகளின் கண்ணுக்கு முன்னால் சட்டத்தை நிறுத்தியதால் அவர்கள் கண் அவிந்தது; சங்கிலியை அறுத்து ஆற்றில் எறிந்து, அவரவர் உயிரை அவரவர் அறிவிடம் விடுங்கள் என்றார் அறங்கூறும் அவையின் மூத்தவர். அப்படி அவரவர் அறிவிடம் விட்டிருந்த காலத்தில்தான் திருமண வண்டிகள் போயின என்று ஒருவர் நினைவூட்டினார்.

அதன்பின் தேவியார் எயினனை நோக்கி, நாளை அதே ஆறு, அதே நீர், அதே மன்றாட்டு வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டருளினார்.

“தெரியல தாயே,” என்றான் எயினன். “அன்னைக்கு மூடினேன், செத்தாங்க. இன்னைக்குத் தொறந்தேன், செத்தாங்க. ரெண்டு நாளும் தண்ணி ஒரே மாதிரிதான் இருந்துச்சு.”

தேவியார் அன்று தீர்ப்புச் சொல்லவில்லை. மறுநாள் காலை சொன்ன தீர்ப்பாவது: சங்கிலி இருக்கும், கோடும் இருக்கும். இறக்கிய காவலனுக்கு மரணம் என்ற விதி நீக்கப்படுகிறது. ஏனெனில் தன் தலையைப் பணயம் வைத்து ஆற்றைப் பார்ப்பவன் ஆற்றைப் பார்ப்பதில்லை. உயிர் போகும் தேவை உடைய ஒருவன், இடர் இன்னது என்று காவலன் உரக்கச் சொல்லக் கேட்டு, நீரைத் தன் கண்ணால் பார்த்து, அதன் பின்னும் இறங்குவேன் என்றால் அவனைத் தடுக்க வேண்டா. ஆனால் அவன் தன்னை நம்பி வரும் குழந்தைகளையோ பிறரையோ உடன் இழுத்துச் செல்லல் ஆகாது. மேலேரிக் காவலர் கரையில் விரிசல் கண்ட பொழுதே ஊருக்கு ஊர் முரசு கொட்டிச் செய்தி இறக்க வேண்டும். சங்கிலி இறங்கியிருந்தாலும் ஆற்றைப் பார்க்கும் கடமை இறங்குபவருக்கு உண்டு என்று சந்தைதோறும் பறையறைய வேண்டும். இவ்வளவும் சொல்லி முடித்த தேவியார் மேலும் ஒன்று சொன்னார். பிறரை உடன் கொண்டு இறங்கலாகாது என்பதால், நக்கையின் வண்டி இந்தச் சட்டத்திலும் கரையிலேயே நின்றிருக்கும். பிள்ளையோடு கிடந்தவளைத் தனியே இறங்கு என்று எவர் சொல்வது என்றார். இதனாலும் எவரோ சாவார்; எவர் என்பதுதான் நமக்குத் தெரியவில்லை என்றும் சொன்னார். அதையும் எழுதுக என்பதே ஆணை.

எயினனின் உயிர் அவனுக்கே விடப்பட்டது. தேவியார் கருதிய தண்டம் வேறு: அவன் மருதந்துறைக்கே திரும்பி, அதே தூணருகே நிற்க வேண்டும் என்பது. அவன் அழவில்லை, வணங்கிவிட்டுப் புறப்பட்டான்.

ஆனால் வழித்துணையாகச் சென்ற வீரர்கள் பாதி வழியிலிருந்து ஆளனுப்பினார்கள். பாதைக்குக் குறுக்கே ஓடும் ஒரு சிற்றோடையில், ஆட்டுக்குட்டிகள் துள்ளிக் கடக்கும் இடத்தில், எயினன் நின்றுவிட்டான். வீரர்கள் கடந்துபோய் அக்கரையிலிருந்து அழைத்தார்கள். அவன் வரவில்லை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம், “இதுல எறங்கலாமாம்மா?” என்று கேட்டான்.

அவள் சிரித்தாள். “கணுக்கால் தண்ணிண்ணே. நீங்களே பாருங்க.”

அவன் குனிந்து பார்க்க முயன்றான். பார்க்க முடியாமல் கண்ணை மூடிக்கொண்டான். அவள் சிரிப்பு நின்றது. அவன் கையைப் பிடித்து, குருடனை நடத்துவதுபோல அக்கரைக்கு நடத்திவிட்டாள்.

இச்செய்தி கேட்ட தேவியார் அத்தண்டத்தை நீக்கினார். எயினன் ஆற்றோரத்தில் வாழ வேண்டா. மலைச்சரிவில் ஒரு தினைப்புனமும் ஒரு குடிலும் அவனுக்கு அளிக்கப்படுகின்றன. அவன் வாழ்நாள் முழுவதும் கூற்றத்தின் களஞ்சியம் அவனுக்கு உணவிடுக. அவனை இகழ்ந்தோ புகழ்ந்தோ எவரும் பாடல் கட்ட வேண்டா.

இனித் துறைக்கு ஆள் வேண்டும். வடகரையிலும் தென்கரையிலும் கேட்டும் எவரும் முன்வரவில்லை என்று தங்கள் ஓலை தெரிவித்தது. நேற்று முற்பகலில் கோடன் தன் மாடுகளை விற்றுவிட்டு அரண்மனை வாயிலுக்கு வந்தான். அந்தக் காவலைத் தனக்குத் தருமாறு கேட்டான். அவன் பழி தீர்க்க வந்தானோ என்று ஐயுற்று, எதற்காகக் கேட்கிறாய் என்று ஓலைநாயகம் வினவியபோது, அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னது இவ்வளவே:

“யாராச்சும் நிக்கணும்ல.”

ஆகவே, இவ்வோலை கண்ட பொழுதே மருதந்துறைச் சங்கிலியைக் கோடன் கையில் ஒப்படைக்க. அவனுக்குப் பட்டுக் கட்ட வேண்டா. மன்று கூட்ட வேண்டா. அவன் மூடினாலும் திறந்தாலும் அன்றிரவு ஒருவர் அவன் குடிலுக்குச் சென்று உடனிருக்க. அது தங்கள் கடமை. வேங்கை பொறித்த அரக்கு இலச்சினை இட்டு, தேவியார் திருமுன் படித்துக்காட்டி, இவ்வோலை விடுக்கப்பட்டது. கொண்டுவரும் தூதனை நீர் ஏறிய துறை எதிலும் விரைந்து வரச் சொல்லவில்லை. காலம் தாழ்த்தி வந்தாலும் அவனைக் கடியாதிருக்க. இது கோமகள் ஆணை.