மலை வெடித்தால் வெயில் குறையுமா, அண்ணா?

என் சாமுவேல் அண்ணாவுக்கு,

போன மே மாதம் உன்னைப் பிள்ளைப்பாக்கம் கல்லறைத் தோட்டத்தில் வைத்துவிட்டு வந்ததிலிருந்து குளிர் என்றாலே எனக்குப் பிடிப்பதில்லை. ஸ்ரீபெரும்புதூரில் என் கம்பெனியில் எந்நேரமும் ஏசி ஓடும். நீயோ ஒரகடத்தில் அலுமினியம் உருக்கும் உலைக்கு முன்னால் நின்றாய். கையை எங்கே வைத்தாலும் சில்லென்று இருக்கும்போது உன் நினைப்புதான் வருகிறது.

அந்தக் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் இருக்கிறதா? கோயிலுக்குப் போய் வந்து சாப்பிட்டோம். கரண்ட் போய்விட்டது. தரையில் தண்ணீர் தெளித்து நீ படுத்திருந்தாய். நான் போனில் எரிமலை வீடியோ பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னா எஸ்தரு பாக்குற?" என்றாய்.

"பெரிய எரிமலை வெடிச்சா அதோட கந்தகப் புகை மேகத்துக்கும் மேல போயிடுமாம். அங்க அத கழுவி எறக்க மழை கெடயாது. ஒன்னு ரெண்டு வருஷம் வெயில மறைச்சிக்கினு நிக்குமாம். உலகமே கொஞ்சம் குளிர்ந்துடுமாம்ணா."

எழுந்து உட்கார்ந்துவிட்டாய். "அப்ப ஒன்னு வெடிக்கட்டுமே! ஷெட்டுல நிக்க முடியல. தல கிர்ருனு சுத்துது."

இருவரும் சிரித்தோம். பிறகுதான் மீதியைச் சொன்னேன். இருநூறு வருஷத்துக்கு முன்பு இந்தோனேசியாவில் தம்போரா மலை வெடித்தது. பக்கத்து ஜனங்கள் சாம்பலிலும் பட்டினியிலும் செத்தார்கள். மறு வருஷம் எங்கோ ஐரோப்பாவில் கோடையே வரவில்லை. கோதுமை முற்றாமல் வயலிலேயே அழுகியது. ரொட்டி கிடைக்காமல் ஜனங்கள் பிச்சை எடுத்தார்கள், ஊரை விட்டுக் கப்பலேறினார்கள். எதனால் என்று கடைசிவரை அவர்களுக்குத் தெரியாது.

"மலை ஒரு எடத்துல வெடிச்சா, சோறு இன்னொரு எடத்துல போயிடுதா?" என்றாய். அப்புறம், "அப்ப வாணாம் எஸ்தரு. எனக்கு இந்த வெயிலே இருந்துட்டுப் போவட்டும்."

அந்த வாரமே உலைக்கு முன்னால் விழுந்தாய். தொட்டால் சுட்டது என்றான் உன்னைத் தூக்கி வந்த உன் கம்பெனி பாபு. ஆஸ்பத்திரியில் ஐஸ் வைத்தும் சூடு இறங்கவில்லை. வெயிலே இருக்கட்டும் என்று நீ சொன்னதை அன்றைக்கு யாராவது கேட்டுக்கொண்டிருந்தார்களா, அண்ணா?

ஒரு செய்தி சொல்ல வேண்டும். சில மாதங்களுக்கு முன் எத்தியோப்பியாவில் ஒரு எரிமலை வெடித்து, அதன் சாம்பல் மேகம் டெல்லி வரைக்கும் வந்தது. "இனிமே ஏசி வாணாம்டி" என்று கம்பெனி பஸ்ஸில் பெண்கள் சிரித்தார்கள். வீட்டில் அம்மா டிவியைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இந்தப் பாழாப்போன மலை போன வெயிலுக்கே வெடிச்சிருக்கக் கூடாதா? எம்புள்ள இருந்திருப்பானே."

உலகத்தைக் குளிர்விக்கிற அளவுக்கு அது பெரிய வெடிப்பு இல்லை, வந்த மேகம் அப்படியே கடந்து போய்விட்டது. இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வேன்? அந்த நிமிஷம் எனக்கும் அதே ஆசைதான். எந்த ஊர் வயல் அழுகினாலும் அழுகட்டும், நீ இருந்தால் போதும் என்று தோன்றியது. எரிமலை செய்வதை நாமே செய்யலாம், விமானத்தில் போய்க் கந்தகத்தைத் தூவலாம் என்று இப்போது சிலர் பேசுகிறார்கள். யாரைக் கேட்டுத் தூவுவார்கள்? உன்னைக் கேட்டிருந்தால் மறுபடியும் வாணாம் என்றுதான் சொல்லியிருப்பாயா?

மலையை நம்பி இருக்க முடியாது என்று அம்மாவைக் கூட்டிக்கொண்டு உன் கம்பெனி கேட்டுக்குப் போனேன். பாபுவும் மற்றவர்களும் வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள். "இன்னாம்மா வோணும்?" என்று கேட்டார் சூப்பர்வைசர்.

"குளிர்ச்சியா ஒரு ரூமு வோணும். புள்ளைங்க மாத்தி மாத்திப் போய் உக்காரணும்" என்றாள் அம்மா. அவள் அழவே இல்லை.

பல தடவை அந்தக் கேட்டில் போய் நின்ற பிறகு, இந்தக் கோடைக்கு அந்த ரூம் வந்துவிட்டது. முதல் நாள் ஒரு நாற்காலியில் மட்டும் யாரும் உட்காரவில்லையாம். பாபு சொன்னபோது, அதில் நீ உட்கார்ந்து முகம் துடைப்பது எனக்குத் தெரிந்தது.

அந்தக் கதவை என்றைக்காவது யாராவது பூட்டினால், அன்றைக்கே அம்மாவும் நானும் மறுபடி அந்தக் கேட்டில் நிற்போம். இது உன்மேல் சத்தியம். உன் நாற்காலியில் இனி வேறு பிள்ளைகள் உட்காரட்டும், அண்ணா. அவர்கள் வீடு திரும்பட்டும்.

உன் கூடப்பிறந்தவள்,
எஸ்தர்