பட்டை போடாத கல்

ஆடி, கடைசி சனிக்கிழமை

கல்லுக்குப் பட்டை போடவில்லை என்பதைக் காலையில் பத்மா அக்காவிடம் நான் சொல்லவில்லை. "ஆச்சாடி?" என்று கேட்டார். "ஆகுதுக்கா" என்றேன்.

குமணன்சாவடியில் அவருடைய பட்டறையில்தான் நகைக்கல் வெட்டுகிறேன். இந்தக் கல் நசரத்பேட்டைப் பெண் ஒருத்தி நிச்சயதார்த்த மோதிரத்துக்காகப் பட்டை போடச் சொல்லிக் கொடுத்தது. வெயிலில் பச்சை, குண்டு பல்பில் சிவப்பு. உள்ளே ஒரே திசையில் மெல்லிய நார்கள் ஓடின. பட்டை போடாமல் வழவழவென்று குமிழாக உருட்டினால் மேலே பூனைக்கண் போல ஒரு கோடு வருமா, அதுவும் நிறம் மாறுமா என்று பார்க்க ஆசை. அவளுக்குப் பிடிக்காவிட்டால் என் வேலை போகும் என்று தெரிந்தும் உருட்டினேன்.

மதியம் அவள் வந்ததும் அக்கா பொட்டலத்தைப் பிரித்தார்.

"இன்னாடி இது, கோலிகுண்டு மாதிரி கீது? வெட்டுனத ஒட்டவா முடியும்?"

அந்தப் பெண் கல்லை வாங்கி ஜன்னல் வெயிலில் சாய்த்தாள். பச்சையின் மேல் வெள்ளைக் கோடு நகர்ந்தது. பல்பின் கீழ் கல் முழுவதும் சிவந்தது. கோடு மட்டும் மாறவில்லை. ஏன் என்று இன்னும் புரியவில்லை.

"முழிச்சிப் பாக்குதுக்கா" என்று சிரித்தாள். அதையே வாங்கிக்கொண்டு போனாள்.

பிறகு அக்கா, திங்கட்கிழமைக்கு எனக்கு ஒதுக்கியிருந்த கற்களை எடுத்துத் தன் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.